பாஸ்டன் பக்கத்துப் பழைய வீடுகள்: பிள்ளைகளைக் கூட்டிப் போகும் தமிழ்ப் பெற்றோருக்கு

மாசசூசெட்ஸில் குடியேறிய தமிழ்க் குடும்பத்துக்குப் பள்ளியிலிருந்து என்றாவது ஒரு நாள் பெர்மிஷன் ஸ்லிப் ஒன்று வந்து சேரும். காலனி காலத்து வீட்டைப் பார்க்க வகுப்பு கிளம்புகிறது, கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள், முடிந்தால் துணைக்கு நீங்களும் வாருங்கள் என்று கேட்டிருப்பார்கள். மூன்றாம் வகுப்பில் இந்த மாநிலத்தின் வரலாறு, ஐந்தாம் வகுப்பில் நாட்டின் தொடக்க வரலாறு என்பது இங்கே பாடத்திட்டம். நாமோ பானிபட், பிளாசி, தண்டி யாத்திரை என்று படித்து வளர்ந்தவர்கள். அதனால் நம்மில் பலர் அந்த வீட்டுக்குள் போய், கைடு சொல்வதற்கெல்லாம் தலையாட்டி, பெரிய கணப்புக்கு முன்னால் ஒரு படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறோம்.

அதற்கும் மேலே இந்த வீடுகள் நிறையத் தரும். அமெரிக்க வரலாற்றைக் கரைத்துக் குடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்பதில்லை. ஒரே ஒரு கேள்வியைப் பிள்ளையின் கையில் கொடுத்து அனுப்புங்கள்: இந்த வேலையை யார் செய்தார்கள்?

வீட்டு அருங்காட்சியகங்களில் மிஞ்சியிருப்பது பெரும்பாலும் சொந்தக்காரரின் பொருள்கள்தான். அவருடைய ஓவியம், அவருடைய பீங்கான் கோப்பை, அவருடைய கட்டில். தண்ணீர் சுமந்தவருக்கும் சாம்பல் அள்ளியவருக்கும் ஓவியம் கிடையாது. கேட்டால்தான் அவர்களைப் பற்றிய பேச்சே வரும். நல்ல கைடுகள் இந்தக் கேள்விக்காகவே காத்திருப்பார்கள். பிள்ளை கேட்டதும் அவர்கள் முகம் மலர்வதைப் பார்க்கலாம்.

கொஞ்சம் காலக்கணக்கு

பிளிமத்தில் ஆங்கிலேயர் வந்து இறங்கியது 1620. பாஸ்டன் உருவானது 1630. பிரிட்டனோடு போர் மூண்டது 1775. ஆக காலனி காலம் என்பது ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேல். 1640இல் கட்டிய வீட்டையும் 1740இல் கட்டிய மாளிகையையும் ஒரே மாதிரி நினைத்துவிடக் கூடாது. நடுவில் நான்கைந்து தலைமுறை கடந்திருக்கிறது. முன்னதில் இருண்ட தாழ்ந்த அறைகள், பின்னதில் சுவரெல்லாம் மரவேலைப்பாடு.

ஆங்கிலேயர் வந்தபோது இது வெற்று நிலமும் இல்லை. வாம்பனோக், மாசசூசெட் முதலிய மக்கள் பயிர் செய்து வாழ்ந்த ஊர்கள் இவை. மாநிலத்தின் பெயரே அவர்களுடையது. எந்த வீட்டுக்குப் போனாலும் "இந்த வீட்டுக்கு முன்னால் இங்கே யார் இருந்தாங்க?" என்று பிள்ளையைக் கேட்க வையுங்கள். பிளிமத்தில் உள்ள பிளிமத் பட்டுக்ஸெட் அருங்காட்சியகத்தில் ஆங்கிலேயர் கிராமத்தைப் போலவே பூர்வகுடி மக்களின் குடியிருப்பும் தனியாக இருக்கிறது. கிராமத்தில் இருப்பவர்கள் 17ஆம் நூற்றாண்டு மனிதர்களாகவே நடித்துப் பேசுவார்கள். பூர்வகுடிக் குடியிருப்பில் இருப்பவர்கள் வேஷம் போடுவதில்லை, இன்றைய மனிதர்களாக நின்று தம் மூதாதையரைப் பற்றிச் சொல்வார்கள். இந்த வித்தியாசத்தைப் போவதற்கு முன்பே பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் அவர்களிடமும் போய் "நீங்க எந்த வருஷத்துல இருக்கீங்க?" என்று கேட்டு வைக்கும்.

எந்த வீடு?

ஐந்தாறு வயதுப் பிள்ளை என்றால் பாஸ்டன் நகருக்குள்ளேயே இருக்கும் பால் ரிவியர் வீடு போதும். 1680ஐ ஒட்டிக் கட்டியது. வெள்ளி ஆசாரியான ரிவியர் 1770 முதல் 1800 வரை இதன் சொந்தக்காரர். 1908இலேயே இதை அருங்காட்சியகமாகத் திறந்துவிட்டார்கள். அவருக்கு இரண்டு மனைவியர் வழியாகப் பதினாறு பிள்ளைகள். எல்லோரும் ஒரே சமயத்தில் அங்கே இருந்ததில்லை என்றாலும், அந்தச் சின்ன அறைகளைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் படுக்க இடம் கணக்குப் போடத் தொடங்கிவிடுவார்கள்.

டெடமில் இருக்கும் ஃபேர்பேங்க்ஸ் வீடு இன்னும் பழையது. 1640ஐ ஒட்டிய காலம். வட அமெரிக்காவில் நிற்கும் மரச்சட்ட வீடுகளிலேயே மிகப் பழையது என்று இதைச் சொல்கிறார்கள். உத்தரமும் தூணும் வளைந்து நெளிந்து நிற்பதைப் பார்ப்பதற்கே போகலாம்.

பிள்ளைக்கு எட்டு ஒன்பது வயதாகிவிட்டதா? அப்படியானால் மெட்ஃபர்டில் உள்ள ராயல் வீட்டுக்குக் கூட்டிப் போங்கள். ஒரே ஒரு இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றாலும் நான் இதைத்தான் சொல்வேன். காரணம், அங்கே மாளிகைக்குப் பக்கத்திலேயே அடிமைப்படுத்தப்பட்டவர்கள் வாழ்ந்த கட்டடமும் நிற்கிறது. அமெரிக்காவின் வடக்குப் பகுதியில் இப்படித் தனிக் கட்டடமாகத் தப்பிப் பிழைத்தது இது ஒன்றுதான் என்கிறார்கள். மாநிலத்தின் மேற்குக் கோடியில், ஷெஃபீல்டில் உள்ள ஆஷ்லி வீட்டுக்குக் காரில் சில மணி நேரம் ஆகும். பெர்க்‌ஷயர் மலைப்பக்கம் விடுமுறைக்குப் போகும்போது அதையும் சேர்த்துக்கொள்ளலாம். இரண்டைப் பற்றியும் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

கிளம்பும் முன்

இந்த வீடுகளில் பல ஆண்டு முழுவதும் திறந்திருப்பதில்லை. வெயில் காலத்தில், அதுவும் வார இறுதியில் மட்டும் திறக்கும் வீடுகள் உண்டு. நாளும் நேரமும் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். பெரும்பாலும் கைடோடுதான் உள்ளே போக முடியும் என்பதால், சுற்று தொடங்கும் நேரத்தையும் தெரிந்துகொள்ளுங்கள்.

டிக்கெட் வாங்கும் முன் உங்கள் ஊர்ப் பொது நூலகத்தில் ஒரு வார்த்தை கேளுங்கள். நூலக அட்டை இருந்தால் அருங்காட்சியக பாஸ் கிடைக்கும். இலவசமாகவோ பாதிக் கட்டணத்திலோ போய் வரலாம். புதிதாக வந்தவர்கள் பலருக்கு இது தெரிவதில்லை. பள்ளி விடுமுறை வாரங்களில் பாஸ் சீக்கிரம் தீர்ந்துவிடும், முன்கூட்டியே பதிவு செய்யுங்கள்.

ஸ்ட்ரோலரைக் காரிலேயே விட்டுவிடுங்கள். படிகள் செங்குத்தாக, குறுகலாக இருக்கும். முதுகில் மாட்டிய பை எதிலாவது இடிக்கும் என்பதால் முன்பக்கமாக மாட்டச் சொல்வார்கள். கழிப்பறை பழைய வீட்டுக்குள் இருக்காது, பக்கத்துக் கட்டடத்தில்தான் இருக்கும். உள்ளே போவதற்கு முன்பே அந்த வேலையை முடித்துவிடுவது நல்லது. ஏசி எதிர்பார்க்க வேண்டாம். படம் எடுக்கலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஃப்ளாஷ் பெரும்பாலும் கூடாது.

முக்கியமான தயாரிப்பு ஒன்றை வீட்டிலேயே செய்யலாம். முந்தின நாள் ஒரு பக்கெட்டில் ஐந்து லிட்டர் தண்ணீர் பிடித்து, வாசலிலிருந்து சமையலறை வரை பிள்ளையைத் தூக்கி வரச் சொல்லுங்கள். கை கடுக்கும், கொஞ்சம் சிந்தும். சமையல், பாத்திரம், துணி, குளியல் எல்லாவற்றுக்கும் கிணற்றிலிருந்து இப்படித்தான் வந்தது என்று அப்புறம் சொல்லுங்கள். மறுநாள் அந்த வீட்டில் மர வாளியைப் பார்த்ததும் பிள்ளை தானாகவே அதன் முன் நின்றுவிடும். எங்கள் வீட்டில் அப்படித்தான் நடந்தது. வேறு எந்த விளக்கமும் தேவைப்படவில்லை.

வாசலிலேயே தொடங்குங்கள்

சுற்று தொடங்கப் பத்து நிமிடம் இருக்கிறது என்றால் வெளியே நின்று வீட்டைப் பாருங்கள். எத்தனை புகைபோக்கி? ஒவ்வொன்றுக்கும் கீழே கணப்புகள் உண்டு, ஒவ்வொரு கணப்புக்கும் விறகு பிளந்தாக வேண்டும், மறுநாள் காலையில் சாம்பல் அள்ளியாக வேண்டும். சன்னலைப் பாருங்கள். ஏன் இத்தனை சின்னச் சின்னக் கண்ணாடிச் சில்லுகள்? அன்று கண்ணாடி பெரும்பாலும் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்த விலையுயர்ந்த சரக்கு. பெரிய தகடாகச் செய்வதும் கடினம், உடையாமல் கொண்டுவருவதும் கடினம். கிணறு எங்கே என்று தேடச் சொல்லுங்கள். கிணற்றிலிருந்து சமையலறைக் கதவு வரை நடந்து, எத்தனை அடி என்று எண்ணச் சொல்லுங்கள்.

சமையலறையில் நிதானமாக நில்லுங்கள்

கைடு வரவேற்பறையில் நிறைய நேரம் எடுத்துக்கொண்டால், சமையலறையில் கொஞ்சம் கூட நிற்கலாமா என்று கேளுங்கள். பிள்ளைகளுக்குப் புரிகிற அறை அதுதான்.

கணப்புக்குள் ஒரு ஆளே நிற்கலாம் போல அத்தனை பெரிதாக இருக்கும். அதன் பக்கச் சுவரில் ஒரு இரும்புக் கை பொருத்தியிருப்பார்கள், கதவு மாதிரி முன்னும் பின்னும் திரும்பும். பானையை அதில் மாட்டி நெருப்புக்கு மேலே தள்ளலாம், வெந்ததும் வெளியே இழுக்கலாம். அதில் தொங்கும் பல் வைத்த கொக்கியை ஏற்றி இறக்கித்தான் சூட்டைக் கூட்டியதும் குறைத்ததும். மூன்று கால் வைத்த வாணலி ஒன்றும் இருக்கும். தணலைக் கணப்பிலிருந்து தரைக்கல்லில் இழுத்துப் பரப்பி, அதன் மேல் அந்த வாணலியை நிறுத்திச் சமைத்தார்கள். ஒரே பெரிய தீயில் எல்லாம் வெந்தது என்று நினைக்க வேண்டாம். தரையில் அங்கங்கே பரப்பிய தணல்தான் நம் வீட்டு நான்கு பர்னருக்குச் சமம்.

சுவருக்குள் குடைந்த ரொட்டி அடுப்பை அவசியம் காட்டுங்கள். அதற்குள்ளேயே விறகை எரித்து, செங்கல் நன்றாகச் சூடேறியதும் தணலையும் சாம்பலையும் வாரி வெளியே போட்டுவிடுவார்கள். பிறகு வெறும் கையை உள்ளே நீட்டி, எத்தனை எண்ணும்வரை தாங்குகிறது என்று பார்ப்பது வழக்கம். சீக்கிரம் கையை இழுத்துக்கொண்டால் சூடு அதிகம், நெடுநேரம் வைத்திருக்க முடிந்தால் சூடு போதவில்லை. தெர்மாமீட்டர் அந்தச் சமையல்காரியின் கைதான். அவர் யார்? மனைவியா, மகளா, கூலிக்கு வந்த பெண்ணா, அடிமைப்படுத்தப்பட்ட பெண்ணா? கேட்க வேண்டிய இடம் இதுதான்.

மேசை மேல் நீலத் தாள் சுற்றிய கூம்பு ஒன்று இருந்தால் அது சர்க்கரை. சர்க்கரை அன்று பொடியாக வரவில்லை. கல் போல இறுகிய கூம்பாக வந்தது, இரும்பு இடுக்கியால் வெட்டி எடுத்தார்கள். இடுக்கியையும் பக்கத்திலேயே வைத்திருப்பார்கள். இந்தக் கூம்பைக் காட்டி, "இது எங்கிருந்து வந்தது?" என்று ஆரம்பித்தால் பேச்சு நேராகக் கரிபியன் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்குப் போகும். அங்கே வெயிலில் கரும்பு வெட்டியவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்டவர்கள். அந்தத் தீவுகளின் கரும்புப்பாகு கப்பலில் இங்கே வந்து ரம் ஆனது. மெட்ஃபர்ட் ஊரே ரம்முக்குப் பேர்போனது. அடிமைத்தனம் தெற்கு மாநிலங்களின் சங்கதி, நம்ம ஊர்ப் பக்கம் இல்லை என்று நினைத்திருக்கும் பிள்ளைக்கு இந்தக் கூம்பு ஒன்று போதும்.

பிள்ளைகள் செய்த வேலையையும் விடாதீர்கள். கம்பளியைச் சீப்புப் பலகையால் வாரிச் சிக்கெடுப்பது, திரியை உருகிய கொழுப்பில் திரும்பத் திரும்ப முக்கி மெழுகுவத்தி செய்வது, சோளம் உதிர்ப்பது, விறகுச் சுள்ளி பொறுக்குவது எல்லாம் சின்னவர்கள் தலையில்தான். பள்ளியும் இருந்தது. ஐம்பது குடும்பம் உள்ள ஊர் எழுதப் படிக்கச் சொல்லித்தர ஓர் ஆசிரியரை வைத்தாக வேண்டும் என்று மாசசூசெட்ஸில் 1647லேயே சட்டம் போட்டார்கள். ஆனால் எழுத்து எல்லோருக்கும் சமமாகக் கிடைக்கவில்லை. பெண் பிள்ளைகள் பலர் படிக்கக் கற்றார்கள், எழுதக் கற்கவில்லை. சுவரில் மாட்டியிருக்கும் எழுத்துத் தையல் துணியைக் கூர்ந்து பார்த்தால் அதைத் தைத்த சிறுமியின் பெயரும் வயதும் ஒரு மூலையில் இருக்கும். உங்கள் பிள்ளையையே தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

படுக்கையறையில் சோழமண்டலக் கரை

வசதியான வீடுகளின் படுக்கையறையில் பூவும் கொடியும் மரமுமாக வண்ணம் தீட்டிய பருத்தித் துணி விரிப்பாகவோ திரையாகவோ இருந்தால் நின்று விசாரியுங்கள். இப்போது தொங்குவது மறுபதிப்பாக இருக்கலாம். ஆனால் அந்தப் பாணி நம் கரையிலிருந்து வந்தது.

சோழமண்டலக் கரையில் இந்தத் துணியைச் செய்த விதத்தைப் பிள்ளைக்குச் சொல்லுங்கள். முதலில் துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் ஊறவைப்பார்கள், எழுதும் மை பரவாமல் இருக்க. கறுப்புக் கோட்டுக்கு இரும்புக் கரைசல். சிவப்பு வர வேண்டிய இடத்தில் படிகாரக் கரைசலால் எழுதி, சாயவேரில் கொதிக்க வைப்பார்கள். நீலத்துக்கு அவுரி. நீலம் படக் கூடாத இடத்தையெல்லாம் மெழுகால் மூடிவிட்டுத்தான் தொட்டியில் முக்குவார்கள். துவைக்கத் துவைக்க நிறம் போகாத இப்படிப்பட்ட வண்ணப் பருத்தித் துணியை அதுவரை ஐரோப்பா பார்த்ததில்லை. தன் நெசவாளர்கள் கெட்டுப்போவார்கள் என்று இங்கிலாந்து 1700இலும் 1721இலும் இந்தத் துணிக்குத் தடைச் சட்டமே போட்டது. ஆனால் காலனிகளுக்கு ஏற்றுமதி செய்யத் தடையில்லை. லண்டன் பெண்மணி உடுத்தக் கூடாத துணி பாஸ்டனில் கிடைத்தது இப்படித்தான்.

பாஸ்டனில் 1649இல் பிறந்த எலிஹு யேல் 1687 முதல் 1692 வரை சென்னை செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் கவர்னராக இருந்தார். 1718இல் அவர் அனுப்பிய ஒன்பது பொதி சரக்கை விற்றுக் கிடைத்த பணத்தில் கனெக்டிகட்டில் ஒரு கல்லூரி கட்டடம் எழும்பி, அவர் பெயரையே வைத்துக்கொண்டது. 1773 டிசம்பர் 16 இரவில் பாஸ்டன் துறைமுகத்தில் கடலில் கொட்டிய 342 பெட்டித் தேயிலை சீனாவில் விளைந்தது, ஆனால் சரக்கு கிழக்கிந்தியக் கம்பெனியுடையது. அதே கம்பெனிதான் நம் கரையில் வரி வசூலித்துக்கொண்டிருந்தது. வகுப்பில் டீ பார்ட்டி பாடம் வரும்போது உங்கள் பிள்ளை கை தூக்கிச் சொல்ல இதைவிட நல்ல விஷயம் கிடையாது.

ஆனால் பெருமையோடு நிறுத்திவிடாதீர்கள். நம் கரையில் நெய்த துணியை ஐரோப்பிய வணிகர்கள் மேற்கு ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோய், அதைக் கொடுத்து மனிதர்களை வாங்கினார்கள். யார் நெய்தார்கள், அது எங்கே போய் என்ன ஆனது என்று இரண்டு முனையையும் பிடித்துச் சொன்னால்தான் கதை முழுமையாகும்.

அடிமைத்தனத்தைப் பற்றி எப்படிச் சொல்வது

பெற்றோர் பலர் தயங்கும் இடம் இது. பிள்ளை பயந்துவிடும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுகிறார்கள். ஏழெட்டு வயதுப் பிள்ளைக்கு அநியாயம் என்பது நன்றாகவே புரியும். சொல்லும் முறைதான் முக்கியம். கூட்டமாக, எண்ணிக்கையாகச் சொல்லாமல் ஒரு மனிதரின் பெயரைச் சொல்லித் தொடங்குங்கள்.

ராயல் வீட்டுக்குப் போகும்போது அந்தப் பெயர் பெலிண்டா சட்டன். ஐசக் ராயல் ஆன்டிகுவா தீவில் சர்க்கரை, ரம், அடிமை வணிகத்தில் பணம் சேர்த்து, 1737இல் குடும்பத்தோடு மெட்ஃபர்டுக்கு வந்தவர். வரும்போது அடிமைப்படுத்திய ஆப்பிரிக்கர்களையும் கூட்டி வந்தார். அடுத்த நாற்பது ஆண்டுகளுக்குள் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் அங்கே அடிமைகளாக இருந்தார்கள். அவருடைய மகன் 1775இல் போர் மூளும் சமயத்தில் ஓடிவிட்டார். பெலிண்டா சிறுமியாக இருந்தபோது இன்றைய கானா பக்கம், வோல்டா ஆற்றங்கரைப் பகுதியிலிருந்து பிடித்து வரப்பட்டவர். 1783இல், ஐம்பது ஆண்டு உழைத்தும் தன் உழைப்பில் உருவான செல்வத்தில் ஒரு காசும் தனக்குக் கிடைக்கவில்லை என்று மாநில சட்டமன்றத்துக்கு மனுக் கொடுத்தார். வயதாகிவிட்டது, நோயாளி மகளையும் காப்பாற்ற வேண்டும். ஆண்டுக்கு 15 பவுண்டு 12 ஷில்லிங் கொடுக்கச் சட்டமன்றம் உத்தரவிட்டது. கொஞ்ச நாளில் பணம் நின்றுபோனது. அவர் விடவில்லை, மறுபடி மறுபடி மனுப் போட்டார். மனுவின் கீழே கையெழுத்துக்குப் பதில் ஒரு குறிதான் இருக்கிறது. அவருக்கு எழுதக் கற்றுத் தரவில்லை.

ஹார்வர்டு என்ற பெயரை உங்கள் பிள்ளை ஏற்கெனவே கேட்டிருக்கும். ஐசக் ராயலின் மகன் உயிலில் எழுதிவைத்த சொத்திலிருந்துதான் அங்கே சட்டத்துக்கு முதல் பேராசிரியர் பதவி ஏற்பட்டது. ராயல் குடும்பச் சின்னமான மூன்று கதிர்க்கட்டுகள் சட்டப் பள்ளியின் சின்னத்திலும் இருந்தன. மாணவர்கள் எதிர்த்த பிறகு 2016இல்தான் எடுத்தார்கள்.

அந்த வளாகத்தில் 1999 முதல் 2001 வரை பாஸ்டன் பல்கலைக்கழகத்தார் அகழாய்வு செய்தார்கள். மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தவற்றில் கோலிகளும், உடைந்த பீங்கானைத் தேய்த்துச் செய்த விளையாட்டுக் காய்களும் இருந்தன. பாண்டி ஆட நம் ஊர்ப் பிள்ளைகள் பானை ஓட்டைத் தேய்த்துச் செய்துகொள்ளும் சில்லு போலத்தான். துயரத்தை மட்டும் சொல்லி நிறுத்தாமல் இதையும் சொல்லுங்கள். அங்கே வாழ்ந்தவர்கள் விளையாடினார்கள், குழந்தை வளர்த்தார்கள், தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள், மனுப் போட்டுச் சண்டையும் போட்டார்கள்.

ஆஷ்லி வீட்டில் பெயர் எலிசபெத் ஃப்ரீமன். வீட்டு எஜமானி சூடேறிய தணல் கரண்டியை இன்னொரு பெண் மேல் ஓங்கியபோது குறுக்கே கையைக் கொடுத்தவர் இவர். கையில் ஏற்பட்ட தழும்பை அவர் மறைக்கவே இல்லை. சமையலறையில் கணப்புக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்திருக்கும் இரும்புக் கரண்டியைப் பிள்ளை ஏற்கெனவே பார்த்திருக்குமே, அதை நினைவுபடுத்துங்கள். இந்த வீட்டின் மாடி அறையில்தான் 1773இல் ஊர்ப் பெரியவர்கள் கூடி, மனிதர் எல்லோரும் சமம், சுதந்திரமானவர்கள் என்று தீர்மானம் எழுதினார்கள். அதே வீட்டில் அடிமையாக வேலை செய்த எலிசபெத் 1781இல் விடுதலை கேட்டு வழக்குப் போட்டார். எல்லோரும் சுதந்திரமாகவும் சமமாகவும் பிறந்தவர்கள் என்று மாநில அரசியல் சட்டம் சொல்கிறதே, அதில் நான் இல்லையா என்பதுதான் வாதம். ஜூரி அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. முப்பது ஷில்லிங் நஷ்டஈடும் கிடைத்தது. இதை அடுத்து வந்த வழக்குகளோடு 1783 வாக்கில் மாசசூசெட்ஸில் அடிமைத்தனத்துக்குச் சட்டத்தின் துணை போய்விட்டது. முதன்முதலில் அந்தத் துணையைக் கொடுத்ததும் இதே மாசசூசெட்ஸ்தான், 1641இல்.

"நம்ம ஊர்லயும் இப்படி இருந்ததா?" என்று பிள்ளை கேட்கும். கேட்டால் மழுப்பாதீர்கள். இருந்தது. 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் பழவேற்காட்டிலிருந்து மக்களைக் கப்பலேற்றி பத்தாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) அடிமைகளாகக் கொண்டுபோனார்கள். அது போக, வயலில் பண்ணையாளாக நிலத்தோடு கட்டுண்டு, சாதியின் பெயரால் தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்கள் நம் ஊரிலேயே இருந்தார்கள். பிரிட்டிஷ் இந்தியாவில் அடிமைமுறைக்கு எதிரான சட்டம் வந்தது 1843இல்தான், அதற்குப் பிறகும் அது லேசில் ஒழியவில்லை. ஒன்றும் இன்னொன்றும் அப்படியே ஒரே மாதிரி அல்ல என்பதையும் பெரிய பிள்ளைகளிடம் சொல்லலாம். ஆனால் அமெரிக்கர்களின் குறையைக் காட்டிவிட்டு நம்முடையதை மூடிவைத்தால் பிள்ளைகள் ஒரு நாள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

கேட்டதையெல்லாம் நம்ப வேண்டாம்

இந்த வீடுகளைச் சுற்றிச் சில கட்டுக்கதைகள் உலவுகின்றன. அன்று மனிதர்கள் குள்ளம், அதனால்தான் நிலைப்படி தாழ்வு என்பார்கள். காலனிகளில் பிறந்து 1770களின் போரில் சண்டையிட்ட வீரர்களின் சராசரி உயரம் ஏறக்குறைய 5 அடி 8 அங்குலம். கூரையும் கதவும் தாழ்வாக இருந்தது சூட்டையும் மரத்தையும் மிச்சப்படுத்தத்தான். உட்கார்ந்தபடியே தூங்கினார்கள், அதனால் கட்டில் நீளம் குறைவு என்பது இன்னொரு கதை. உயரமான தூண்களும் பொம்மென்ற மெத்தையும் சேர்ந்து கட்டிலைக் குட்டையாகக் காட்டுகின்றன. அனுமதி இருந்தால் ஒரு டேப்பால் அளந்து பாருங்கள்.

கணப்புக்குப் பக்கத்தில் அழகாக ராட்டை வைத்திருந்தாலும் கொஞ்சம் யோசியுங்கள். 1876இல் நாட்டின் நூற்றாண்டு விழாவை ஒட்டி, பழைய காலத்தின் மேல் பெரிய ஆசை கிளம்பியது. அப்போது ஜோடித்த அறைகளின் சாயல் இன்றும் பல வீடுகளில் இருக்கிறது. "இது இந்த வீட்டிலேயே இருந்த பொருளா, வேறெங்கிருந்தாவது கொண்டுவந்ததா?" என்று கேட்கப் பிள்ளையைப் பழக்குங்கள். சொத்துப் பட்டியல் ஒன்று மிஞ்சியிருந்தால் கைடு அதை வைத்துச் சொல்வார். ஒருவர் இறந்ததும் வீட்டிலுள்ள கரண்டி முதல் கட்டில் வரை விலை போட்டு எழுதிய பட்டியல் அது. மனிதர்களையும் அதே பட்டியலில் விலை போட்டு எழுதியிருப்பார்கள். பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு அதன் படி ஒன்றைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

வீட்டுக்கு வந்தபின்

உடனே கட்டுரை எழுதச் சொல்ல வேண்டாம். மூடி போட்ட கண்ணாடி பாட்டிலில் பாதி வரை ஹெவி க்ரீம் ஊற்றி, குலுக்கச் சொல்லுங்கள். பத்துப் பதினைந்து நிமிடத்தில் வெண்ணெய் திரளும். கை வலித்ததும் மாற்றி மாற்றிக் குலுக்குவார்கள். அப்போது தானாகவே பேச்சு வரும், நீங்கள் காதைக் கொடுத்தால் போதும். அப்புறம் பார்த்ததில் ஒரே ஒரு பொருளை வரைந்து, அதைத் தொட்ட கைகள் யார் யாருடையவை என்று பக்கத்தில் எழுதச் சொல்லலாம். ராயல் வீட்டு வாளி என்றால் கொல்லர், தச்சர், தண்ணீர் சுமந்தவர், குடித்தவர் என்று பட்டியல் நீளும்.

பிள்ளைக்கு ஆர்வம் தொற்றிக்கொண்டது என்றால் அடுத்து சேலம் நகரம். பாஸ்டன் நார்த் ஸ்டேஷனிலிருந்து ரயிலில் அரை மணி நேரம். சுதந்திரத்துக்குப் பிறகு இந்தியாவோடு கப்பல் வணிகம் செய்த துறைமுகம் அது. 1799இல் அங்கத்துக் கப்பல் தலைவர்கள் சேர்ந்து தொடங்கிய சங்கம்தான் இன்றைய பீபாடி எஸெக்ஸ் அருங்காட்சியகத்தின் வேர். அந்த அருங்காட்சியகத்துக்குச் சொந்தமான பழைய வீடுகளில் ஒன்று கிரவுனின்ஷீல்ட்-பென்ட்லி வீடு. 1791 முதல் அங்கே குடியிருந்த பாதிரியார் வில்லியம் பென்ட்லி, அதற்கு முந்தின டிசம்பரில், சென்னையிலிருந்து வந்த ஒருவரை முதன்முதலாகப் பார்த்ததாகத் தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். வந்தவரின் பெயரை அவர் எழுதவில்லை. போகும் வழியில் ரயிலிலேயே இதைச் சொல்லிவிடுங்கள், நகரத்தைப் பிள்ளை வேறு கண்ணோடு பார்க்கும். பென்ட்லி வீட்டின் உள்ளே போக முடியுமா என்பதை அருங்காட்சியகத்தில் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். அக்டோபரில் மட்டும் போகாதீர்கள். ஹாலோவீன் கூட்டத்தில் நிற்க இடம் இருக்காது. மே மாதமோ, பள்ளி திறந்த பிறகு செப்டம்பர் முதல் வாரங்களோ தோதாக இருக்கும்.